கையை எடுத்த பிறகு

அந்த லாரி திரும்பி வந்ததே மெக்கானிக்கம்மாவுக்குப் பிடிக்கவில்லை. முன் பாகம் முழுவதையும் பிரித்துப் புதுப்பித்து அனுப்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. புது ஸ்பிரிங் பட்டைகள், புது யூ போல்ட்டுகள், சக்கரம் திரும்புகிற மூட்டில் புது கிங் பின்கள், அந்தப் பின்களைப் பிடித்துக்கொள்ளும் பித்தளை புஷ்கள் என்று எல்லாமே புதுசு. அப்படிச் செய்து அனுப்பிய வண்டி மறுபடி பட்டறை வாசலில் வந்து நின்றால், பந்தியில் யாரோ எழுந்து உன் சமையலில் முடி கிடக்கிறது என்று சொன்னதுபோல இருக்கும் அவளுக்கு.

இருபத்திரண்டு வருடமாக அவளும் கணவரும் சேர்ந்து நடத்துகிற பட்டறை. நாலு தெருவுக்கும் அவள்தான் மெக்கானிக்கம்மா. அவரை யாராவது விசாரித்தால் ‘மெக்கானிக்கம்மா வீட்டுக்காரர்’ என்பார்கள். அதற்கெல்லாம் அவர் முகம் சுளிப்பதில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஜாதி அவர். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவாள்.

முன்பக்க வேலை என்று வந்தால் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வலது சக்கரம் அவளுடையது, இடது சக்கரம் அவருடையது. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. கல்யாணமான புதிதில், அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவர் முடித்து வைத்திருந்த பக்கத்தை அவள் பிரித்துத் தன் மனசுக்குப் பிடித்த மாதிரி மாட்டி வைத்தாள். அவர் சண்டை போடவில்லை. பதினோரு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் காலையில் “உன் பக்கம் உனக்கு, என் பக்கம் எனக்கு” என்றார். வீட்டில் அமைதி நிலவ அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

இரண்டு பேர் கையும் இரண்டு விதம். புஷ்ஷின் துளையை ரீமர் போட்டு உள்பக்கமாகச் சீவி, பின்னுக்குச் சரியாக இருக்கும்படி ஆக்க வேண்டும். அவள் சீவினால் பின்னை உள்ளங்கையால் அழுத்தினால்தான் இறங்கும். அவர் அதற்கு மேல் இன்னொரு சுற்று சுற்றுவார். பின்னை வாயில் வைத்துவிட்டால் போதும், தானே இறங்க வேண்டும் அவருக்கு. “உங்க பக்கம் எப்பவும் தொட்டில், ஆடிக்கிட்டே இருக்கும்” என்று அவள் சொல்லாத வண்டி கிடையாது. “ம்” என்று அவர் சொல்லாத வண்டியும் கிடையாது.

லாரியை ஓட்டி வந்தவருக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கூட ஓட்டுகிற டிரைவர்கள் வைத்தது. முப்பத்தொரு வருட ஓட்டத்தில் ஒரு கோழியைக்கூட மிதிக்காதவர். அவர் சொன்ன குறை இதுதான். வளைவில் திருப்பிய ஸ்டியரிங், கையை விட்டால் தானாக நேருக்கு வர வேண்டும். இது வரவில்லை. திருப்பிய இடத்திலேயே நிற்கிறது. ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் கையால் இழுத்து நேராக்க வேண்டியிருக்கிறது. நேரான சாலையிலும் வண்டி ஒரு கோட்டில் போகாமல் இப்படியும் அப்படியும் அலைகிறது. ஒரு நடை போய்வந்தால் தோள் கழன்று விழுகிறது.

அவர் தோள் என்று சொன்னதுதான் வினையாகப் போயிற்று. போன வருடம் வண்டிப் படியிலிருந்து சறுக்கி விழுந்து வலது தோளில் அடிபட்டவர் அவர். லாரி முதலாளி அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவருடைய அக்கா மகன் கனரக வண்டி லைசென்ஸ் எடுத்துவிட்டு ஆறு மாதமாகச் சும்மா இருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

காலை பத்து மணிக்கு முதலாளி போன் செய்தார். “நீங்களே சொல்லுங்கம்மா. கோளாறு வண்டியிலயா, ஆள்கிட்டயா?”

மெக்கானிக்கம்மா அதற்குள் எல்லாம் பார்த்து முடித்திருந்தாள். டயரில் காற்று சரி. சக்கரங்களின் நேர்கோடு சரி. ஆக்சில் பின்பக்கமாகச் சாய்கிற சாய்வு, முடி அளவுகூடப் பிசகில்லை. பெரிய சாலை வரை ஓட்டியும் பார்த்தாள். ஸ்டியரிங் திரும்பி வந்தது, கொஞ்சம் சோம்பேறித்தனமாக. புதுச் சாமான் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகும்.

“வண்டியில ஒரு குறையும் இல்ல சார்,” என்றாள். “என் வேலைக்கு நான் பொறுப்பு.”

“அப்ப சரி. மூணு மணிக்கு அக்கா மகனைக் கூட்டிட்டு வர்றேன், அவன் எடுத்துட்டுப் போகட்டும். அவரை இனிமே குடோன் வாசல்ல உக்கார வச்சுடலாம். அவருக்கும் வயசாச்சு.”

போன் வைக்கப்பட்டுவிட்டது. தன் வேலையைப் பற்றித்தான் பேசினோம் என்று நினைத்திருந்தாள் அவள். இன்னொரு மனிதருடைய வேலையைப் பற்றியும் சேர்த்துப் பேசியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்து பார்த்தபோது நிதானம் கேபினைக் காலி செய்துகொண்டிருந்தார். போன் பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். முதுகுக்கு வைக்கிற திண்டு, துண்டு, தண்ணீர்க் கேன், ஒரு ஜோடி பழைய செருப்பு. ஒவ்வொன்றாக இறக்கிக் கீழே வரிசையாக வைத்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

“அண்ணே, நான் நல்லாப் பாத்துட்டேன். அளவெல்லாம் சரியா இருக்கு,” என்றாள்.

“இருக்கட்டும் தங்கச்சி. நீ அளந்தா சரியாத்தான் இருக்கும்.” துண்டை மடித்துத் திண்டின் மேல் வைத்தார். “ஒண்ணு மட்டும்தான் எனக்குப் புரியல. எனக்குத் தோள் போச்சு, ஒத்துக்கறேன். திருப்பறதுக்குக் கஷ்டமா இருந்தா தோள்னு சொல்லலாம். நான் கையை எடுத்துடறேன். அப்புறமும் அது அங்கேயே நிக்குது. கையை எடுத்த பிறகு என் தோளுக்கு அதுல என்ன வேலை?”

மெக்கானிக்கம்மாவுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு எட்டாதது ஓட்டுகிறவருக்கு எட்டியிருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது. பல பேர் வெட்கப்பட்டால் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அவளுக்கு வெட்கம் வந்தால் கை வேகமாக ஓடும்.

“என்னங்க,” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். “செயின் பிளாக்கை இழுங்க. வண்டியைக் காலியா ஓட்டிப் பாத்தது என் புத்தி. மூலையில கிடக்கிற பழைய எஞ்சின் மூணையும் தூக்கி மேல வைக்கலாம், கேபினுக்கு ஒட்டி.”

காலி லாரியும் மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளையும் ஒன்று. இரண்டும் உண்மையான குணத்தைக் காட்டாது. எஞ்சின்கள் ஏறியதும் அவளே ஓட்டினாள், நிதானத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. மரக்கடைக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத ஒரு வளைவு இருந்தது. மெதுவாகத் திருப்பினாள். கையை எடுத்தாள்.

ஸ்டியரிங் நின்ற இடத்திலேயே நின்றது. வண்டி அப்படியே வளைந்துகொண்டு மரக்கடைச் சுவரைப் பார்த்துப் போனது. பிரேக் போட்டு நிறுத்தினாள். நிதானம் ‘பார்த்தாயா’ என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அவள் வண்டியை எடுத்து எதிர்ப்பக்கம் திருப்பியும் பார்த்தாள். அந்தப் பக்கமும் அதே கதை.

“மணி என்னண்ணே?”

“பன்னண்டே கால்.”

“போதும்,” என்றாள்.

உண்மையிலேயே அவளுக்கு அது போதும் என்றுதான் தோன்றியது. குறை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத வரைக்கும்தான் குழப்பம். இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் அது அவள் கையை விட்டு எங்கே ஓடிவிடும்?

பட்டறைக்கு வந்ததும் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற தண்டை முதலில் கழற்றினாள். கேபினில் ஏறி ஸ்டியரிங்கை மட்டும் சுற்றினாள். விரலால் தள்ளினாலே சுற்றியது. ஆகவே கோளாறு மேலே இல்லை, கீழே. அடுத்து இரண்டு சக்கரங்களையும் ஒன்றோடொன்று கட்டிப்போடுகிற டை ராடைக் கழற்றினாள். இப்போது இடதும் வலதும் தனித்தனி. இனி ஒவ்வொரு மூட்டையும் திருப்ப எத்தனை பலம் தேவைப்படுகிறது என்று அளந்து பார்த்தால் போதும். அதற்கு அவர்களிடம் இருந்தது சாக்கு மூட்டை நிறுக்கிற ஸ்பிரிங் தராசு. கொக்கியை மூட்டில் மாட்டி இழுத்தால், அசையத் தொடங்குகிற நொடியில் முள் காட்டுவதுதான் கணக்கு. மூன்று கிலோவுக்கும் எட்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சரி என்கிறது கம்பெனி தந்த புத்தகம்.

தன் பக்கம் மாட்டி இழுத்தாள். “ஏழரை,” என்றாள். அவள் பக்கம் எப்போதும் ஏழு, ஏழரைதான். தராசை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டாள். மறுபக்கத்திலிருந்து கணவர் எடுத்துக்கொண்டார்.

“ஏழரை,” என்றார்.

“என் பக்கத்த கேக்கலைங்க. உங்க பக்கம்.”

“என் பக்கம்தான் சொல்றேன். ஏழரை.”

புத்தகத்தைக் கேட்டால் இரண்டு பக்கமும் சரி. வேறு யாராக இருந்தாலும் தராசை ஆணியில் மாட்டிவிட்டு வேறு இடத்தில் தேடப் போயிருப்பார்கள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதருடைய பக்கம் நாலைத் தாண்டி அவள் கேட்டதே இல்லை. சில வண்டிக்கு நாலே கால் வரும். அதற்கே அவர் தலையைச் சொறிவார்.

அவள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அவர் தரையில் உட்கார்ந்து மூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த இன்னொரு சுத்து சுத்தலையா நீங்க?”

அவர் கையிலிருந்த கிரீஸை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “உதிரிபாகக் கடையில அன்னைக்கு நீ சொன்னல்ல. ‘இவர் பக்கம் எப்பவுமே லூசு, இவரைக் கட்டி மேய்க்கிறதே எனக்குத் தனி வேலை’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க.”

“விளையாட்டுக்குச் சொன்னதுங்க அது.”

“தெரியும். நானும்தான் சிரிச்சேன்.” துணியைக் கீழே வைத்தார். “சரி, இந்த ஒரு வண்டிய அவ சொல்ற மாதிரியே பண்ணிப் பாப்போம்னு நினைச்சேன். பின்னை உள்ளங்கையால அழுத்தித்தான் இறக்கினேன். உன்னை மாதிரியே.”

மெக்கானிக்கம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது, விளங்கிய வேகத்தில் முகம் சூடானது. இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் கட்டுண்டவை. வண்டிக்கு இடது வலது தெரியாது, இரண்டும் சேர்ந்து எத்தனை இறுக்கம் என்பதுதான் தெரியும். அவளுடைய ஏழரை இத்தனை வருடமும் பிழைத்துக்கொண்டிருந்ததே அவருடைய நாலின் தயவில். அவர் எந்த நாளும் அவள் பேச்சைக் கேட்டதில்லை, அதனால்தான் ஒரு வண்டியும் திரும்பி வரவில்லை. முதல் முறையாகக் கேட்டார், வந்துவிட்டது. அதற்குப் பலியாகப் பார்த்தது இந்தப் பக்கமும் இல்லாத அந்தப் பக்கமும் இல்லாத ஒரு டிரைவருடைய தோள்.

“ஒரு ஏழரையையே ஊரு தாங்காது,” என்றாள் அவள். “நாம ரெண்டு ஏழரைய மாட்டி அனுப்பியிருக்கோம்.”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பலர் சிரிக்க அவரை ஒரு வார்த்தை சொன்னோமே என்று நெஞ்சுக்குள் குத்தியது. அதை அப்போது வாய்விட்டுச் சொல்ல நேரமில்லை.

“என் பக்கத்த பழையபடி பண்ணிடறேன்,” என்று அவர் எழுந்தார்.

“ரெண்டு பக்கமும் பண்ணணும். ரெண்டுலயும் அஞ்சு வரணும்.”

“அறுத்த பித்தளை திரும்ப ஒட்டாது. நல்லா யோசிச்சுக்கோ.”

“யோசிச்சாச்சு. என் பக்கத்தயும் நீங்களே பண்ணுங்க. அந்த ஒரு சுத்து என் கைக்கு வராது. பாதியிலயே நின்னுடும், எனக்கே தெரியும்.”

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு ரீமரை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனார், ஏதோ அடுத்த வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரிக் கொஞ்சம் தயங்கி.

சக்கரம் கழன்றது, பின் வெளியே வந்தது. அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டாள். அவர் ரீமரைச் சுற்றுகிற விதத்தை இத்தனை பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. அழுத்தவே மாட்டேன் என்கிறார். பாரத்தை ரீமரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்கிறார். சுருள் சுருளாகப் பித்தளைத் தூள் உதிர்ந்தது. சத்தம் மாறியதும் நிறுத்தினார். பின்னை வைத்துக் கையை விட்டார். அது அவசரமில்லாமல், வழுக்கவும் இல்லாமல், இறங்கிப் போய் உட்கார்ந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். அதைப் போய் தொட்டில் என்று இருபது வருடம் சொல்லியிருக்கிறோம்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தராசு இரண்டு பக்கமும் ஐந்து காட்டியது. தண்டுகளை மாட்டி, வண்டியை இறக்கி, தரையில் கிடந்த தூளை அவள் முறத்தில் கூட்டித் தள்ளும்போது முதலாளி அக்கா மகனோடு வந்து இறங்கினார்.

“சார், காலையில நான் சொன்னது தப்பு,” என்றாள் அவள் முதல் வார்த்தையாக. “கோளாறு வண்டியிலதான் இருந்துச்சு. இப்பச் சரி பண்ணிட்டோம். ஏறுங்க, காட்டறேன்.”

நிதானம் ஓட்டினார், எஞ்சின்கள் மூன்றும் இன்னும் மேலேயே இருக்க. முதலாளி நடுவில், அவள் ஓரத்தில். மரக்கடை வளைவில் அவர் திருப்பிவிட்டு இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டியரிங் தானாகச் சுழன்று நேருக்கு வந்து நின்றது. அவர் கை மடியை விட்டு உடனே எழவில்லை. அந்த நேர்ச்சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் அப்படியே போனார்கள்.

பட்டறைக்குத் திரும்பி இறங்கியதும் முதலாளி தாடையைத் தடவினார்.

“நல்லாத்தான் இருக்கு. காலையிலயும் நல்லா இருக்குன்னுதானேம்மா சொன்னீங்க?”

“காலையில காலி வண்டியப் பாத்துட்டுச் சொன்னேன் சார். பாரத்தோட பாத்தப்பதான் தெரிஞ்சுது. புஷ் ரெண்டையும் இறுக்கமாப் பண்ணிட்டோம்.”

“அதைக் காட்டுங்க. முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு.”

அவள் முறத்தைப் பார்த்தாள். காட்ட என்ன இருக்கிறது? அறுத்தாயிற்று. முறத்தில் ஒரு கைப்பிடித் தூள் இருக்கிறது, அது எதற்கு வேண்டுமானாலும் சாட்சி சொல்லும். முதலாளி வரும்வரை வண்டியைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே. குறை கண்ணில் பட்ட பிறகு மெக்கானிக் கை சும்மா இருக்குமா? கணவரைப் பார்த்தாள். அவர் முகத்திலும் அதே யோசனைதான்.

“பாவம் பாக்கறீங்கம்மா,” என்றார் முதலாளி, தணிந்த குரலில். “பழகின மனுஷன். எனக்கும் அவர்மேல பாசம் உண்டு. அதுக்காக நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? காலையில ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு. நான் எதை நம்பறது?”

“எதைக் கொண்டு வந்தா நம்புவீங்க?”

“எழுதிக் குடுங்க. உங்க பட்டறை பேர் போட்ட தாள்ல. தப்பு உங்க வேலையில, டிரைவர்கிட்ட இல்லன்னு. நாளைக்கு நாலு முதலாளிங்க என்னைக் கேட்டா நான் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன், பாத்துக்குங்க.”

அவள் எழுத மாட்டாள் என்று அவர் நினைத்தது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நியாயம்தான். பட்டறைக்கு வருகிற வண்டிகள் அந்தப் பேரை நம்பித்தான் வருகின்றன. ஆனால் நிதானம் அந்தப் பக்கம், கீழே வரிசையாக வைத்திருந்த தன் சாமான்களுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார். திண்டை இன்னும் வண்டியில் ஏற்றவில்லை. ஏற்றலாமா என்று யாரையும் கேட்கவும் இல்லை.

அவள் உள்ளே போனாள். நின்றுகொண்டே எழுதினாள். ‘இந்த வண்டியின் முன்பக்க வேலையில் கிங் பின் புஷ்களை இறுக்கமாகப் பொருத்தியது எங்கள் தவறு. அதனால்தான் ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. டிரைவர் சொன்னது சரி. காலையில் நான் போனில் சொன்னது தவறு.’ கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்தபோது கணவர் பக்கத்தில் நின்றார். பேனாவை வாங்கி, தன் கையெழுத்துக்கு மேலே ‘இடது பக்கம் நான் செய்தது’ என்று எழுதினார். அவருடைய கையெழுத்து அவளுடையதைவிட அழகாக இருந்தது.

முதலாளி தாளை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அக்கா மகனைப் பார்த்து, “நீ பஸ்ல வீட்டுக்குப் போ” என்றார். பிறகு நிதானத்திடம், “நாலு மணி லோடு இருக்கு, தெரியும்ல?” என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் டயர்களைத் தட்டிப் பார்ப்பதுபோல நின்றுகொண்டார்.

கணவர் எஞ்சின்களை இறக்கியதும் நிதானம் சாமான்களை ஏற்றினார். திண்டு, துண்டு, கேன், செருப்பு. ஏறப் போனவர், இறங்கி அவளிடம் வந்தார்.

“தங்கச்சி, அதே மாதிரி இன்னொரு தாள் எழுதித் தர்றியா?”

“எதுக்குண்ணே? அவர்தான் நம்பிட்டாரே.”

“வீட்டுக்கு. மூணு வாரமா என் வீட்டுக்காரி தினம் என் தோளுக்குத் தைலம் தேச்சுக்கிட்டிருக்கா. போதும், வண்டிய விட்டுருங்கன்னு அழுதுட்டா.” அவர் வலது கையை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினார். “என் தோள்தான்னு நானும் நம்பிட்டேன்.”

“மன்னிச்சுடுங்கண்ணே,” என்றாள் மெக்கானிக்கம்மா. அவர் அதற்கு என்ன சொன்னார் என்பது அவள் காதில் விழவில்லை. உள்ளே போய் இன்னொரு தாளை எடுத்து, இந்தத் தடவை உட்கார்ந்து, ‘டிரைவர் சொன்னது சரி’ என்பதை முதல் வரியாக வைத்து எழுதத் தொடங்கினாள்.